ஜெகதளாவில் எண்பது லிட்டர் கடல்

1

தினமும் பகல் பதினொன்றரை மணிக்கு என் கைப்பேசி ஒருமுறை அலறும். இந்த ஊரில் அதுதான் மதியச் சாப்பாட்டு நேரம். காலையில் தின்றது வயிற்றில் அப்படியே இருக்கும்போதே, மெழுகுத்தாளில் சுற்றிவந்த ரொட்டித் துண்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு அலுவலகம் முழுக்க உட்கார்ந்துவிடும். நார்வேக்கு வந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருடம் ஆகிறது. என் வயிறு இன்னும் இதற்குச் சம்மதிக்கவில்லை. அதனால் ஒரு கோப்பை காபியோடு ஜன்னலோரம் போய் நின்று ஊருக்குப் பேசுவேன். அங்கே அப்போது மூன்று மணி, குளிர்காலமென்றால் நான்கு. அப்பாவுக்கு டீ நேரம்.

போன வாரம் பக்கத்து மேஜைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். ஓய்வுபெற ஒரு வருடமே பாக்கியிருக்கும் மனிதர். மூன்று வார்த்தைக்கு மேல் பேசினால் வரி போட்டுவிடுவார்கள் என்பதுபோல இருப்பவர்.

“தினமும் யாரோடு பேசுகிறாய்?”

“அப்பாவோடு.”

“தினமும் பேச என்ன இருக்கிறது?”

“தண்ணீரின் சூடு எவ்வளவு என்று கேட்பேன். கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறார்.”

“உன் அப்பா மலையில் இருக்கிறார் என்றாயே?”

“ஆமாம். மலையில்தான்.”

அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. சொந்தப் படகு வைத்திருப்பவர், கடல் என்றால் உயிர். “மலையில் கடல்!” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, “மீன்கள் நலமா?” என்றார்.

நான் காபியை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். அது ஆமாமா இல்லையா என்று எந்த நாட்டுக்காரருக்கும் விளங்காது. இந்த மாதிரித் தலையாட்டல்தான் நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பொருட்களில் இன்னும் கெடாமல் இருப்பது. ஆனால் அன்று மாலை வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. அதனால் எழுதி வைக்கிறேன்.

2

அப்பா கட்டபெட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தார். பறித்து வந்த பச்சை இலை தூளாகி மூட்டைக்குள் போகும்வரை அதற்கு அப்பா பொறுப்பு. முதல் வேலை இலையை வாட வைப்பது. நீளமான தொட்டிகளில் வலைமேல் இலையைப் பரப்பி, அடியிலிருந்து விசிறி போட்டுக் காற்று விடுவார்கள். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டினார். காலையில் குவியலாகக் கிடந்த இலை, சாயங்காலம் பாதியாகிப் படுத்திருந்தது.

“மீதி எங்கப்பா போச்சு?” என்று கேட்டேன்.

“தண்ணி மட்டும்தான் கண்ணு போவுது. சரக்கு பூராவும் உள்ளயே நிக்கும்.”

இந்தப் பதிலை எனக்குப் பத்து வயதிலேயே சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

ஃபேக்டரியில் நீளவாட்டில் ஒரு நோட்டு இருக்கும். எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி, எப்போது விசிறி நிறுத்தினது, எப்போது இலை நசுக்கும் உருளைக்குப் போனது, எல்லாம் அப்பாவின் குண்டு எழுத்தில் அதில் ஏறும். சில நாள் மானேஜர் துரை அவசரப்படுத்துவார். இலை சரியாக வாடாமலே அடுத்த வேலைக்குத் தள்ளச் சொல்வார். அது தப்பு என்று அப்பாவுக்குத் தெரியும். வாதாட மாட்டார். சொன்னதை அப்படியே செய்துவிட்டு, நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதுவார்: ‘ஆர்டர்படி.’

“உங்கப்பா சண்டை போடற லட்சணமே இவ்வளவுதான்” என்று அம்மா சிரிப்பாள். வீட்டிலும் அது வந்துவிட்டது. அம்மா சொன்ன கடையில் வாங்கிய கத்தரிக்காய் சொத்தையாக இருந்தால், அப்பா அதை நறுக்கிக்கொண்டே மெதுவாக “ஆர்டர்படி” என்பார். அம்மா கரண்டியைத் தூக்குவாள்.

ஓய்வுபெற்ற பிறகு இருவரும் குன்னூர் பக்கம் ஜெகதளாவில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டார்கள். நாலு வருடம் முன்பு அம்மா போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டு நான் திரும்பிவிட்டேன். லீவு அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒருநாள் போனில் அப்பா சொன்னார்: “ஊடு சத்தமே இல்லாம கெடக்குது கண்ணு. அதான் சலீம் பாய் கடையில ஒரு மீன் தொட்டி வாங்கியாந்தேன். அந்த மோட்டார் ஓடிக்கிட்டே இருக்குதா, ஆளு இருக்கற மாதிரி இருக்குது.”

சலீம் பாய் குன்னூர் பஜாரில் பல்பு, வயர், மோட்டார் விற்பவர். கடையின் ஒரு மூலையில் மீனும் விற்பார். தொட்டி எண்பது லிட்டர். நாலு தங்கமீன். அப்போதெல்லாம் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேசுவேன். எல்லா ஞாயிறும் அல்ல.

3

என் மகள் லீனாவுக்கு இப்போது பத்து வயது. நாலு வயதுவரை தமிழில் வாயாடினாள். பள்ளிக்கூடம் போனதிலிருந்து தமிழ் அவளிடமிருந்து பால்பல் மாதிரி ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. நான் தமிழில் கேட்பேன், அவள் நார்வேஜியத்தில் பதில் சொல்வாள். கடையில் நான் நார்வேஜியம் பேசினால், எல்லோர் முன்னாலும் என் உச்சரிப்பைத் திருத்துவாள். இப்படி ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டே ஒரு குடும்பம் நடக்கிறது.

அப்பிச்சியோடு அவள் பேசுவது இவ்வளவுதான். “சாப்டியா கண்ணு?” “ம்.” “குளிருதா?” “ம்.” பிறகு கைப்பேசி என் கைக்கு வந்துவிடும். அம்மாவைப் பெற்றவரை அப்பிச்சி என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த ஒரு சொல்லை மட்டும் விழாமல் பிடித்து வைத்திருந்தேன்.

போன அக்டோபரில் பள்ளியிலிருந்து கடல்மீன் காட்சிசாலைக்குக் கூட்டிப்போனார்கள். அந்த ஞாயிறு லீனாவே கைப்பேசியைப் பிடுங்கி, அப்பாவின் தங்கமீன்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“அப்பிச்சி, நீ ஆரஞ்சு மீன் வாங்கு. வெள்ளைக் கோடு இருக்கும். கடல் மீன். நான் சம்மர்ல வந்து பாப்பேன்.”

நாலு வாக்கியம். நான் எண்ணினேன். ‘நீங்க’ என்று சொல்லாமல் ‘நீ’ என்கிறாளே என்று திருத்தக்கூட எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊர் மொழியில் ராஜாவுக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே ‘நீ’தான்.

“கடல் மீனா?” என்றார் அப்பா. அவர் கடலைப் பார்த்தது வாழ்க்கையில் இரண்டே முறை. “வாங்கிட்டாப் போச்சு. நீ வா மொதல்ல.”

பேச்சு அன்றோடு முடிந்திருக்க வேண்டியது. நான் விடவில்லை. என் உத்தியோகம் அப்படி. அலுவலகத்தில் யாருடைய கணினி மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “அதை அணையுங்கள், இதை அழுத்துங்கள், இப்போது என்ன தெரிகிறது?” என்று தொலைபேசியில் கேட்டுச் சரிசெய்துவிடுவேன். முகம் தெரியாத ஆளையே அப்படிச் செய்ய வைக்கிறவளுக்கு அப்பா எம்மாத்திரம் என்று நினைத்தேன். இரண்டு இரவில் இணையத்தில் கிடைத்ததெல்லாம் படித்து, நிபுணி ஆகிவிட்டேன்.

உத்தரவுகள் போக ஆரம்பித்தன. தங்கமீன்கள் சலீம் பாய் கடைக்குத் திரும்பின. பழைய கூழாங்கல்லை வாரிக் கொட்டச் சொன்னேன். அதற்குப் பதில் பவள மணல், நுண்ணுயிர் ஒட்டி வளர ஓட்டை ஓட்டையான பாறை, தண்ணீரைச் சுழற்றும் மோட்டார், ஹீட்டர், கடல்மீனுக்கென்றே விற்கும் உப்பு மூட்டை எல்லாம் கோயம்புத்தூரிலிருந்து சலீம் பாய் மூலம் மலையேறின. அப்பா ஒரு நீல டிரம்மில் தண்ணீர் பிடித்து, உப்பைக் கரைத்து, மரத் துடுப்பால் கிண்டினார். உப்பு அளக்கும் கண்ணாடிக் குழல் ஒன்று உண்டு. தண்ணீரில் மிதக்கவிட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அது சரியான கோட்டில் நிற்கும்வரை கைப்பேசியைத் தொட்டிமேல் சாய்த்து வைத்துக்கொண்டு மூன்று மணிநேரம் போராடினோம்.

“கண்ணு, ஒண்ணு கேக்கட்டுமா?” என்றார் முடிவில். “கடல் தண்ணி எப்படி வாசம் அடிக்கும்? இது சரியாத்தான் இருக்குதா?”

மறுநாள் வேலை முடிந்து துறைமுகத்துக்குப் போனேன். பதினோரு வருடம் கடலோரத்தில் குடியிருந்தும் நின்று முகர்ந்ததில்லை. டீசல், பாசி, மழை, இன்னும் ஏதோ ஒன்று. கைப்பேசியை எடுத்தேன். “சரியாத்தான் இருக்கும்பா” என்றேன்.

4

மீனை உடனே விடக்கூடாது. புதுத் தண்ணீரில் கழிவை அரிக்கும் நுண்ணுயிர் வளர ஐந்தாறு வாரம் காத்திருக்க வேண்டும். தினமும் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டு, நிறம் பார்க்க வேண்டும். அங்கேதான் இந்தப் பதினொன்றரை மணி ஆரம்பித்தது.

“என்ன கலர்ப்பா?”

“பச்சையும் இல்ல, மஞ்சளும் இல்ல. வாடாத இலையில போட்ட டீத்தண்ணியாட்டம் வெளுத்துக் கெடக்குது.”

நாற்பது வருடம் டீயின் நிறத்தைப் பார்த்த கண். அவர் சொன்னால் எனக்கு அங்கே நின்று பார்த்த மாதிரி இருக்கும். சூடு, நிறம், மோட்டார் சத்தம். பிறகு மழை வந்ததா, சர்ச்சுக்குப் போனீர்களா, கால்வலி எப்படி. ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்தது அரைமணி நேரம் ஆனது. லீனா சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் “அப்பிச்சி என்ன சொன்னாரு?” என்று கேட்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வீட்டில் இவ்வளவு தமிழ் புழங்கியதில்லை.

ஜனவரியில் இரண்டு மீன்கள் தெர்மாகோல் பெட்டியில் பஸ் ஏறி வந்தன. சலீம் பாய் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாராம். லீனா அவற்றுக்கு வாஃபல், போல்லே என்று பெயர் வைத்தாள். இரண்டாவது இங்கே விற்கும் ஒரு பன்னின் பெயர். அப்பா அதைப் ‘போளி’ ஆக்கிவிட்டார். இந்த ஜாதி மீனில் பெரியதுதான் பெண் என்று லீனா படித்துச் சொன்னபோது, “அதானே பாத்தேன், அதுதான் மத்ததை வெரட்டிக்கிட்டே இருக்குது. உங்கம்மிச்சியாட்டம்” என்றார். அம்மா போனபிறகு அவர் அம்மாவைக் கிண்டல் செய்து நான் கேட்டது அன்றுதான்.

மலையின் ஜனவரிக் குளிரில் அறை பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும். தொட்டித் தண்ணீர் மட்டும் ஹீட்டரால் இருபத்தைந்தரையில் நிற்கும். குளிர்ந்த அறையில் சூடான தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்தது.

“கண்ணு, ரெண்டு நாள்ல அரை விரல் கொறஞ்சு போச்சு. என்ன தண்ணி ஊத்தறது?”

“டிரம்ல கரைச்சு வச்சிருக்கற உப்புத் தண்ணிதாம்ப்பா” என்றேன், யோசிக்காமல். கடல்மீன், கடல்தண்ணீர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உப்பின் அளவு எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நான் படித்திருந்தேன். நல்ல தண்ணீரை ஊற்றினால் அது நீர்த்துப் போகாதா?

அப்பா டிரம்மின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. “நல்ல தண்ணி வேண்டாமா?” என்றார்.

“ஐயோ, வேண்டவே வேண்டாம்ப்பா. மீன் செத்துரும்.”

“சரி கண்ணு.”

பிப்ரவரியில் அந்தக் கண்ணாடிக் குழல் கழுவும்போது கைதவறி உடைந்தது. வேறு வாங்கி வரட்டுமா என்றார். தேவையில்லை, உப்பைத்தான் சரியாகப் போட்டாயிற்றே, அது எங்கே போகப்போகிறது என்றேன். அந்த வாக்கியம் அப்படியே என் வாயிலிருந்து வந்தது. உப்பு எங்கே போகப்போகிறது?

எனக்கு வேறு கவலைகள் இருந்தன. ஊருக்குப் போக, நார்வே பாஸ்போர்ட் வைத்திருக்கும் லீனாவுக்கு விசா அனுமதி வாங்க வேண்டும். இரண்டு வருடமாக வருகிறோம் வருகிறோம் என்று சொல்லித் தவறிவிட்டது. ஒருமுறை என் குடியிருப்பு அனுமதி புதுப்பிக்கப் போயிருந்தது, மறுமுறை அவள் பாஸ்போர்ட் காலாவதியானதை விமானத்துக்கு இரண்டு வாரம் முன்புதான் பார்த்தோம். இந்த முறை விசா அலுவலகத்தார் பெயரில் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் வாசல் தபால் பெட்டியில் மூன்று குடும்பப் பெயர்கள். எனக்கு என் அப்பா பெயர் தேவசகாயம். என் கணவருக்கு அவர் அப்பா பெயர் ஞானமுத்து. லீனாவுக்கு அவள் அப்பா பெயர் ஜெபராஜ். இந்த மூவருக்கும் என்ன உறவு என்று விளக்கி ஆதாரத்தோடு எழுதச் சொல்லிக் கடிதம் வந்தது. இந்த ஊர்க் கடிதங்கள் எல்லாவற்றிலும் நான் தேவசகாயம்தான். உறையில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவுக்கு வந்ததைப் பிரிக்கிற மாதிரி ஒரு கூச்சம் வரும். விளக்கம் எழுதினேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வரி திரையில் வாரக்கணக்கில் நின்றது. தினமும் காலையில் அதைப் பார்ப்பேன், பகலில் தண்ணீரின் சூட்டைக் கேட்பேன். இரண்டையும் என்னால் எதுவும் செய்ய முடியாது. ஆனால் கேட்காமலும் இருக்க முடியாது.

லீனா சுவரில் நாட்காட்டி மாட்டி, விடுமுறைக்கு எத்தனை நாள் என்று கோடு போட ஆரம்பித்திருந்தாள். அந்த இரண்டு மீனும் ஜூலை வரை இருந்தால் போதும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

5

ஏப்ரல் கடைசியில் வாஃபல் சாப்பிடவில்லை. மூலையில் போய் நின்று வேகமாகச் செவுளை அடித்துக்கொண்டிருக்கிறது என்றார் அப்பா. சூடு சரியாக இருந்தது. நிறம் சரியாக இருந்தது. நான் படித்த இடத்திலெல்லாம் மறுபடி படித்தேன். மூன்றாம் நாள் அது போய்விட்டது.

மறுநாள் சலீம் பாயிடமிருந்து அழைப்பு. முதல்முறையாக.

“ஏனுங்க அம்மணி, அப்பாரு மனசு கஷ்டப்பட்டுட்டு உக்காந்திருக்காருங்க, அதான் நான் பண்றேன். தண்ணிய நாக்குல வச்சுப் பாத்தேனுங்க. கருவாட்டுத் தண்ணியாட்டம் கரிக்குதுங்க. கடலு இவ்வளவு கரிக்குமுங்களா?”

வேலையிலிருந்து பாதியில் கிளம்பி, நகர மையத்தில் வளர்ப்பு மீன் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். பதற்றத்தில் என் நார்வேஜியம் உடைந்து உடைந்து வந்தது. அந்தக் கடைப்பெண் பொறுமையாகக் கேட்டாள். இருபது வயதுகூட இருக்காது.

“குறைகிற தண்ணீருக்கு எதை ஊற்றுகிறீர்கள்?”

“உப்புத் தண்ணீர்.”

அவள் முகம் மாறியது. குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே நிற்கும். நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

கட்டபெட்டு ஃபேக்டரியின் வாடல் தொட்டிகள் என் கண்முன்னால் வந்து நின்றன. கடைவாசலில் மழை. மூன்று மாதமாக ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாய்வார்த்தையாலேயே அந்த மீன்களை உப்புக்கண்டம் போட்டிருக்கிறேன். அங்கேயே நின்று அப்பாவைக் கூப்பிட்டேன்.

“அப்பா, தப்பு பண்ணிட்டேன். நல்ல தண்ணிதான் ஊத்தணுமாம். கொஞ்சம் கொஞ்சமா.”

“சரி கண்ணு” என்றார். ஆச்சரியமே இல்லாத குரல். அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

ஒவ்வொரு டம்ளராக ஊற்றினார். போளி இரண்டு நாள் தாக்குப்பிடித்தது.

சனிக்கிழமை லீனாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொல்வதற்கு வார்த்தை கூட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் அழைப்பைப் போட்டுவிட்டாள். திரையில் வெறும் தண்ணீர். “மீன் எங்க?” என்றாள்.

அப்பா கேமராவைத் தன் பக்கம் திருப்பினார். “செத்துப் போச்சு கண்ணு. அப்பிச்சிக்கு வயசாயிருச்சில்ல. தண்ணிய சரியாப் பாக்காம உட்டுட்டேன்.”

நான் அவள் பின்னால் கையில் ஈரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு வாக்கியம். நான்தான் தப்பாகச் சொன்னேன் என்ற ஒரே வாக்கியம். தமிழிலும் வரவில்லை, மற்றதிலும் வரவில்லை. லீனா எழுந்து போகும்போது நார்வேஜியத்தில், “பார்த்துக்கொள்வதாகச் சொன்னாரே” என்றாள். அந்தத் தட்டை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தேன். வெட்கம் என்றால் அதுதான் வெட்கம்.

அதன்பிறகு அவள் அப்பிச்சியோடு பேசவில்லை. கூப்பிட்டால் வீட்டுப்பாடம் இருக்கிறது என்பாள். நாட்காட்டியில் கோடு போடுவதும் நின்றது. நாற்பது நாள் அப்படியே போனது. நான் ஒருநாள்கூட உண்மையைச் சொல்லவில்லை. ஊருக்குப் போய் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். ஜூன் நடுவில் ‘பரிசீலனையில் உள்ளது’ மாறி அனுமதி வந்தது. பார்க்க வேண்டிய மீன்கள் இல்லாதபோது.

6

ஜூலையில் ஜெகதளா முழுக்க மஞ்சும் தூறலுமாக இருந்தது. தொட்டி கூடத்தில் அப்படியே இருந்தது. விளக்கு எரிந்துகொண்டு, மோட்டார் ஓடிக்கொண்டு, பாறைமேல் தண்ணீர் சுழன்றுகொண்டு. மீன் மட்டும் இல்லை. லீனா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கைப்பேசி பார்த்தாள். அப்பா இரண்டு நாளும் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். பேக்கரியிலிருந்து மொறுமொறு வர்க்கி வாங்கிவந்து வைத்தார். “நன்றி” என்றாள், விருந்தாளி மாதிரி.

மூன்றாம் நாள் பலத்த மழை. சலிப்பில் தொட்டியின் கீழ்த்தட்டைக் கிளறிய லீனா ஒரு நோட்டை எடுத்துவந்தாள். நீளவாட்டு நோட்டு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துக்கூட்டக் கற்றிருந்தாள்.

“அம்மா, இந்த வார்த்தை எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. ஆ… ர்… ட… ஆர்டர்?”

வாங்கிப் பார்த்தேன். சூடு இருபத்தைந்தரை. நிறம் சரி. இரை போட்டது. அந்த வரிகளுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. அடுத்த வரி: ‘தண்ணீர் ஒரு லிட்டர் குறைவு. உப்புத் தண்ணீர் ஊற்றினது. ஆர்டர்படி.’ இரண்டு நாள் கழித்து மறுபடி. ஆர்டர்படி. ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். குழல் உடைந்த நாளில், ‘வேறு வாங்கவில்லை. ஆர்டர்படி.’

நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“இதற்கு என்ன அர்த்தம்?” என்றாள் லீனா.

சொன்னேன். மானேஜர் துரையை, அந்த நோட்டை, என் உத்தரவை, கடைப்பெண் சொன்னதை, அன்று கையில் தட்டோடு நின்றதை, எல்லாவற்றையும் நார்வேஜியத்தில் சொன்னேன். அந்த மொழியில் அழாமல் பேச எனக்கு வரும். முடித்தபோது அப்பா மூன்று டம்ளர் டீயோடு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். மேஜைமேல் விரித்துக் கிடந்த நோட்டைப் பார்த்துவிட்டார்.

லீனா எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

“அப்பிச்சி. உனக்குத் தெரியும். நீ ஏன் சொல்லல?”

அப்பா டீயை மேஜையில் வைத்தார். மாட்டிக்கொண்டவர் மாதிரிச் சிரித்தார்.

“சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும் கண்ணு. நான் ஒண்ணும் தெரியாதவனா இருந்தாத்தானே உங்கம்மா டெய்லி ஃபோன் பண்ணிச் சொல்லித் தருவா?” பிறகு தொட்டியைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. “மீனு தாங்கிக்கும்னு நெனச்சேன். அது எம்மேல தப்புத்தான்.”

அவ்வளவு நீளமான தமிழ் லீனாவுக்குப் பிடிபடவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“என்ன சொன்னார்?”

மொழிபெயர்க்க அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. நான்தான் சொன்னேன். நார்வேஜியத்தில் அது மிகச் சின்ன வாக்கியமாக இருந்தது.

லீனா யோசித்தாள். “மீனுக்கு முன்னால் நாம் எப்போது கூப்பிடுவோம்?”

“ஞாயிற்றுக்கிழமை.”

“எல்லா ஞாயிறுமா?”

“இல்லை.”

அவள் போய் அப்பாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து வர்க்கியை டீயில் முக்கினாள். அது டம்ளருக்குள் ஒடிந்து விழுந்தது. அப்பா கரண்டி எடுத்துவந்து கொடுத்தார். நான் அந்த நோட்டை மூடவும் முடியாமல் படிக்கவும் முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

7

திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த கோடைக்கான விண்ணப்பத்தை இப்போதே ஆரம்பித்திருக்கிறேன். லீனா எப்போதாவது அப்பிச்சியிடம் பேசுகிறாள். நாலு வாக்கியம் வருவதில்லை, இரண்டு வருகிறது. நான் வரும்வரை புது மீன் வாங்காதே என்று சொல்லியிருக்கிறாள்.

“மீனில்லாத தொட்டிக்கு ஹீட்டர் எதுக்குப்பா? நிறுத்திரலாமே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இருக்கட்டும் கண்ணு” என்றார். நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

இன்றும் பதினொன்றரைக்கு மணி அடித்தது. காபியோடு ஜன்னலுக்குப் போனேன். கீழே துறைமுகத்தில் கடல் நிரம்பிக் கிடந்தது.

“இன்னிக்கு எவ்வளவுப்பா?”

“இருபத்தஞ்சரை.”

“தண்ணி?”

“ஒரு விரல் கொறஞ்சிருக்குது. நல்ல தண்ணி ஊத்தட்டுமா?”

“ஊத்துங்கப்பா.”

செம்பிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி இழுபட்டது. நோட்டைப் பிரித்து எழுதுகிறார் என்று தெரிந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் என்ன எழுதுகிறார் என்று நான் கேட்கவில்லை.